ஏடிஜி4பி புரதத்துக்கு மருந்து தேடும் கணினி

பழுதான புரதங்களையும் தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியாவையும் செல் ஒரு சவ்வுப் பையில் அடைத்து, லைசோசோம் என்ற அமிலம் நிறைந்த செரிமான அறைக்கு அனுப்பிச் செரிக்கிறது. மிஞ்சும் அமினோ அமிலங்களை மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. இதுதான் ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல். ஈஸ்ட்டில் இதற்கான மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஊட்டம் போதாத கட்டிக்குள் சில புற்றுசெல்கள் பிழைத்துக்கிடப்பதும் இதனால்தான். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்து தன்னுண்ணலைத் தடுக்கும். ஆனால் லைசோசோமின் அமிலத்தன்மையையே குறைப்பதால் அதன் மற்ற வேலைகளும் கெடும். அதனால் ஒரே ஒரு புரதத்தை மட்டும் முடக்கும் மருந்தைத் தேடுகிறார்கள். அப்படிக் குறிவைக்கப்படும் புரதங்களில் ஒன்று ஏடிஜி4பி. இது எல்சி3 என்ற புரதத்தின் வால்நுனியை வெட்டும் நொதி. வெட்டுப்பட்ட பிறகுதான் எல்சி3 அந்தப் பையின் சவ்வில் ஒட்ட முடியும்.

ஆயிரக்கணக்கான சேர்மங்களை ஒவ்வொன்றாகச் சோதனைக்குழாயில் போட்டுப் பார்ப்பது பெருஞ்செலவு. எனவே முதல் வடிகட்டலைக் கணினி செய்கிறது. எக்ஸ்-கதிர் மூலம் கண்டறிந்த புரத வடிவத்தை எடுத்துக்கொண்டு, வெட்டு நடக்கும் குழிக்குள் ஒவ்வொரு மூலக்கூறையும் திருப்பி, வளைத்து, பொருத்திப் பார்க்கிறது. இதற்கு டாக்கிங் என்று பெயர். ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனை, எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் எவ்வளவு நெருக்கமாக அமர்கின்றன, அணுக்கள் எங்கே இடிக்கின்றன என்று கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் தருகிறது.

அந்த மதிப்பெண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆற்றல் கணக்கு ஒரு மோலுக்கு 1.4 கிலோகலோரி பிசகினாலே பிணைப்பின் வலிமை பத்து மடங்கு மாறிவிடும். டாக்கிங்கில் அதைவிடப் பெரிய பிழை சாதாரணம். சுற்றியிருக்கும் நீரையும் புரதத்தின் அசைவையும் அது தோராயமாகத்தான் கணக்கில் எடுக்கிறது. எந்த மூலக்கூறுகளைச் சோதனைக்கு அழைக்கலாம் என்பதற்கான வரிசைப் பட்டியல், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், மதிப்பெண்ணைவிட முக்கியமான முடிவு அதற்கு முன்பே எடுக்கப்படுகிறது: புரதத்தின் எந்த வடிவத்தைக் கணினிக்குக் கொடுப்பது? ஏடிஜி4பி தனியாக இருக்கும்போது 74ஆவது இடத்திலுள்ள சிஸ்டைனை, அதாவது வெட்டும் அமினோ அமிலத்தை, ஒரு வளையம் மூடியிருக்கிறது. எல்சி3 வந்து சேர்ந்ததும் அந்த வளையம் மேலெழும்பி வழிவிடுகிறது. மூடிய வடிவத்தைக் கொடுத்தால் நல்ல மூலக்கூறுகூட இடமில்லாமல் கழிந்துவிடும். திறந்த வடிவத்தைக் கொடுத்தால் அதே மூலக்கூறு முன்வரிசைக்கு வரலாம்.

தைவான் ஆய்வாளர்கள் ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகளை இப்படிச் சலித்து, 2018இல் டியோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து ஏடிஜி4பியைத் தடுப்பதாக அறிவித்தார்கள். ஆய்வகச் சோதனையிலும் அது நொதியைத் தடுத்தது. புற்றுசெல்களைக் கீமோ மருந்துக்கு எளிதில் பணியவும் வைத்தது. திறந்த வடிவத்தின் குழியில்தான் அது நிலையாக அமர்கிறது என்று கணினிக் கணக்கு காட்டியது. ஆனால் டியோகோனசோல் பூசும் மருந்தாகத்தான் புழக்கத்தில் இருக்கிறது. இரத்தத்தில் கலந்து கட்டி வரைக்கும், போதிய அளவில், கேடின்றிப் போய்ச் சேருமா என்பதை எந்த டாக்கிங் மதிப்பெண்ணும் சொல்லாது. அதை விலங்குகளிலும் பிறகு மனிதர்களிலும்தான் பார்க்க வேண்டும்.