புதுத் தொட்டியில் மீன் சாவது வருத்தத்தால் அல்ல, தண்ணீரால்

தொட்டி வாங்குகிற அன்றைக்கே மீனையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மட்டக்களப்பில் அலங்கார மீன் வளர்த்து விற்பதுதான் என் தொழில். மீன் விற்கிறவனே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லத்தான் வேண்டும். புதுத் தொட்டியில் முதல் மாதம் சாகிற மீன்களில் பெரும்பாலானவை எந்த நோயும் இல்லாமல் கடையை விட்டுப் போனவை.

வழக்கமாக நடப்பது இதுதான். பிள்ளைக்குப் பிறந்தநாள். தகப்பன் இரண்டடித் தொட்டி, கல், பிளாஸ்டிக் செடி, மோட்டர், நாலைந்து தங்கமீன், ஒரு பை கப்பி மீன் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கிப் போவார். முதல் இரண்டு நாளும் வீடே தொட்டிக்கு முன்னால்தான். நாலாம் ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். பதறிப்போய் முழுத் தண்ணீரையும் இறைத்து, கல்லைக் கழுவி, பில்டர் ஸ்பொஞ்சைப் பைப்பில் பிடித்துப் பிழிந்து, புதுத் தண்ணீர் விடுவார்கள். ஒரு நாள் தெளிவது போல இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். "தம்பி, நீங்க தந்தது வருத்தக்கார மீன்" என்று கடைக்கு வருவார்கள்.

மீன் தன் கழிவில் பெரும் பங்கை அமோனியாவாகப் பூ (செவுள்) வழியாகவே தண்ணீருக்குள் விடுகிறது. மிஞ்சிப்போய் அழுகும் தீனியும் அமோனியாதான் ஆகிறது. குளத்திலும் ஆற்றிலும் இதைத் தின்று வாழ்கிற பற்றீரியாக்கள் கல்லிலும் சேற்றிலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக்கும், இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது, கிழமைக்கொரு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் தொந்தரவு தராது. கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் இல்லை. அவை குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு கிழமை வேண்டும். எங்கள் ஊர் வெக்கைக்குச் சில தொட்டிகளில் கொஞ்சம் முந்தியும் முடியும். அவை தங்குமிடம் பில்டர் ஸ்பொஞ்சும் அடிக்கல்லும்தான். ஸ்பொஞ்சைப் பைப்பில் கழுவுகிறவர், பாதி வளர்ந்த கூட்டத்தைக் குளோரினால் கொன்றுவிட்டு முதலாம் நாளுக்கே திரும்பிப் போகிறார்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி என்றால் விளிம்பு மட்டும் நிரப்பினாலே 56 லீட்டர்தான். கல்லைப் போட்டு, மேலே இடம் விட்டால் 50 கூட வராது. அதற்குள் ஐந்து தங்கமீன் என்பது, பழகிய தொட்டிக்கே பெரிய சுமை. தங்கமீன் நிறையத் தின்னும், நிறையக் கழியும். கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் விற்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். மற்றவர்களும் விட வேண்டும் என்பதே என் விருப்பம்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். மட்டக்களப்பில் அதுதான் பாதிக் கதை.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற வீடுகளில் கிணறு மணலில் வெட்டியது. சிப்பித் துண்டு கலந்த அந்த மணலில் ஊறுகிற தண்ணீர் பல இடங்களில் கடினமானது (சுண்ணாம்பு கூடியது), பி.எச்., அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 8க்குக் கிட்ட நிற்கும். வெயில் காலத்தில் உவர்ப்பும் ஏறும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தண்ணீரிலுள்ள அமோனியா முழுவதும் நஞ்சு அல்ல, அயனாகாத (மின்னேற்றம் இல்லாத) பகுதிதான் மீனைக் கொல்வது. 28 பாகை வெப்பத்தில், பி.எச். 7 என்றால் நூற்றுக்கு ஒரு பங்கு கூட அந்த வடிவத்தில் இராது. பி.எச். 8 என்றால் நூற்றுக்கு ஆறேழு பங்கு. அதே அமோனியா, அதே மீன், நஞ்சு மட்டும் கிட்டத்தட்ட பத்து மடங்கு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒருவருக்கு உயிர் தப்பிய மீன் கூட்டம் கல்லடியில் ஏன் செத்தது என்று கேட்டால், நான் முதலில் பி.எச்.தான் பார்ப்பேன். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் முருகைக்கல்லையும் அழகுக்காகத் தொட்டியில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவை கரைந்து பி.எச்.ஐ இன்னும் மேலே தள்ளும். எடுத்துவிடுங்கள்.

கிணற்றிலிருந்து இறைத்த உடனே பி.எச். பார்த்தால் குறைவாகக் காட்டலாம். நிலத்தடித் தண்ணீரில் காபனீரொட்சைட்டு கூட, ஒட்சிசன் குறைவு. ஒரு வாளியில் எடுத்து இரவு முழுக்கக் காற்று மோட்டர் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள், அதுதான் உண்மையான அளவு. மாற்றுவதற்கு வைக்கிற தண்ணீரையும் அப்படியே ஓரிரவு வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

பைப் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்து வவுணதீவில் சுத்திகரித்து வருவது. குடிக்க நல்லது, ஆனால் அதிலுள்ள குளோரின் மீனின் பூவையும் பற்றீரியாவையும் சேர்த்து அழிக்கும். அகன்ற வாளியில் ஒரு நாள் காற்றோடு வைத்தால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் கடையில் விற்கிற குளோரின் நீக்கியைப் போத்தலில் எழுதியிருக்கிற அளவுக்கு விடுங்கள். மாரியில் கிணற்றுத் தண்ணீரையும் நம்ப முடியாது. வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளை இறைத்துப் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அது நடந்திருக்கும், அவர் தெரியாமல் பின்னேரம் அந்தத் தண்ணீரையே தொட்டிக்கு ஊற்றுவார். மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

சரி, தொட்டியை எப்படிப் பழக்குவது? மீன் இல்லாமலேதான். தண்ணீர் நிரப்பி, பில்டரை ஓடவிட்டு, உப்புப் போடாத பச்சை இறால் ஒன்றை மெல்லிய வலைத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அழுகி அமோனியா வந்ததும் எடுத்துவிடலாம், பிறகு தினமும் ஒரு சிட்டிகை தீனி போதும். மணம் பிடிக்காதவர்கள் முதலிலிருந்தே தீனியைப் போட்டுக்கொண்டு வரலாம், கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். இதைவிடச் சுருக்கு வழி, மாதக்கணக்காகச் சுகமாக ஓடுகிற தொட்டி ஒன்றிலிருந்து பழைய ஸ்பொஞ் துண்டொன்று வாங்கி வந்து உங்கள் பில்டரில் வைப்பது. காய விடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டு வர வேண்டும். என்னிடம் தொட்டி வாங்குகிறவர்களுக்கு நான் ஸ்பொஞ் சும்மாதான் கொடுக்கிறேன், மீனைப் பிறகுதான் கொடுப்பேன்.

முடிந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. துளி விட்டுப் பார்க்கிற சோதனைப் பெட்டி வேண்டும். நான் பாவிப்பதில், கண்ணாடிக் குழாயில் 5 மில்லிலீட்டர் தொட்டித் தண்ணீர் எடுத்து, அமோனியாத் துளிகளை விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் பொறுத்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடிப்பேன். மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை, பச்சை ஏற ஏற நஞ்சு ஏறுகிறது. அமோனியா இறங்கி, நைத்திரைற்று ஏறி, பிறகு அதுவும் பூச்சியத்துக்கு வந்து, நைத்திரேற்று மட்டும் காட்ட வேண்டும். பலர் அமோனியா இறங்கியதும் மீனை விட்டுவிடுகிறார்கள். நைத்திரைற்று நிற்கிற அந்த இடைக் கிழமைகளில்தான் இரண்டாவது மீன் கூட்டம் சாகிறது. அப்படிச் செத்த மீனை எடுத்துப் பூவைத் தூக்கிப் பாருங்கள். சந்தையில் மீன் வாங்கும்போது பார்ப்போமே, அந்தச் சிவப்பு இராது. ஆறின பிளேன்டீ நிறத்தில் மங்கியிருக்கும். நைத்திரைற்று இரத்தத்துக்குள் புகுந்து அதை ஒட்சிசன் சுமக்க விடாமல் செய்துவிடுகிறது. மோட்டர் எவ்வளவு காற்று விட்டாலும் மீன் மூச்சுத் திணறியே சாகும்.

ஏற்கெனவே மீனை விட்டுவிட்டீர்களா? முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள். தினமும் கால் பங்கு, வைத்த தண்ணீரால் மாற்றுங்கள். தீனியை இரண்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. பட்டினியால் மீன் அவ்வளவு சீக்கிரம் சாகாது. நைத்திரைற்றுக் காட்டினால் லீட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் அயடின் கலக்காத உப்பைத் தனியே கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று பூ வழியே நுழைவதைத் தடுக்கும். கெளிறு வகை மீனும் உயிருள்ள செடிகளும் இருந்தால் உப்பில் கவனம் தேவை. நிறநிறமாக மருந்து ஊற்ற வேண்டாம். அமோனியாவுக்கு நீல மருந்தும் மஞ்சள் மருந்தும் ஒன்றும் செய்யாது. சில மருந்துகள் பற்றீரியாவைக் கொல்லவும் செய்யும்.

கரண்ட் போனாலும் இதே சிக்கல். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டிய நேரத்தில் பழகிய தொட்டிகளே புதுத் தொட்டிகளாகிப் போயின. மூடிய பில்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் சில மணித்தியாலத்தில் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா சாகத் தொடங்கும். வெட்டு நீளும் என்று தெரிந்தால் ஸ்பொஞ்சை வெளியே எடுத்துத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிடுங்கள். ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினால் மீனுக்கும் காற்றுக் கிடைக்கும்.

முதல் மீனாக மூன்று நான்கு கப்பியோ மொலியோ போதும். எழுவான்கரைக் கடினத் தண்ணீர் அவற்றுக்குப் பிடிக்கும். நியோன் டெட்ராவுக்குப் பிடிக்காது. இரண்டு கிழமை விட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்திலேயே நின்றால் அடுத்த மீன். சோதனைப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள், தொட்டித் தண்ணீரை நன்றாகக் கழுவிய தண்ணீர்ப் போத்தலில் வாய்வரை நிரப்பி மூடி, அன்றைக்கே உங்கள் ஊர் மீன் கடைக்குக் கொண்டு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சவர்க்காரமோ எண்ணெயோ இருந்த போத்தல் மட்டும் வேண்டாம்.