தோண்டிய பள்ளமே சுவரான வீடு

பெங்களூரில் கட்டடக் கலைஞர்கள் சிலர் தங்களுக்கென்று வீடு கட்டும்போது சூளைச் செங்கல்லைத் தேடிப் போவதில்லை. மனையில் தோண்டிய மண்ணையே அழுத்திக் கல்லாக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். சித்ரா விஸ்வநாத் அப்படித் தன் வீட்டையே மண்ணால் கட்டி வாழ்ந்து காட்டியவர். நகரின் வடக்கே, மதுரைக்காரரான இன்னொரு கட்டடக் கலைஞர் தனக்காகக் கட்டிக்கொண்ட வீட்டை அண்மையில் பார்க்கப் போயிருந்தேன். பூச்சில்லாத செம்மண் சுவர்கள், அவ்வளவு அழகு. ஆனால் மழையில் கரையாதா?

பச்சை மண் கரைவதற்குக் காரணம் அதிலுள்ள களி. களித் துகள்கள் மிக மெல்லிய தட்டுகள். காய்ந்திருக்கும்போது ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். இடையில் தண்ணீர் புகுந்ததும் விலகி வழுக்கத் தொடங்கும். சூளையில் 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அவை ஓரளவு உருகி ஒட்டிக்கொள்வதால்தான் செங்கல் மறுபடி சேறாவதில்லை.

அந்த நெருப்பு இல்லாமலே கல் செய்யும் வழியைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா மையம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. சலித்த மண்ணில் 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, இரும்பு அச்சில் கொட்டி நீண்ட கைப்பிடியால் அழுத்துவார்கள். மண்ணுக்குள் இருக்கும் இடைவெளிகள் சுருங்கும். சிமெண்ட் நீரோடு சேர்ந்து உண்டாக்கும் பசை மணல் பருக்கைகளைப் பிணைத்து, களியை நடுவில் நகரவிடாமல் சிறைவைத்துவிடும். ஆக, சுமை தாங்குவது மணல்தான். களி 15 சதவீதம் போல இருந்தால் போதும். கூடினால் குவாரி தூள் சேர்க்க வேண்டும். பெங்களூர்ச் செம்மண்ணின் களி அதிகம் வீங்காத வகை. நம் கரிசல் மண் அப்படியல்ல, நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதற்குச் சுண்ணாம்பு தேவைப்படும்.

பக்கத்து மனையில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் கல் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். "புட்டு மாவு பதம் சார். பிடிச்சா பிடியா நிக்கணும், கையில ஒட்டக்கூடாது" என்றவர், ஒரு பிடியை உருட்டி இடுப்புயரத்திலிருந்து கீழே போட்டார். நாலைந்து துண்டாக உடைந்தது. "சரியா இருக்கு." தூளாகச் சிதறினால் ஈரம் போதாது, பருக்கைகள் வழுக்கி நெருங்கி உட்காராது. உடையாமல் சப்பையானால் ஈரம் அதிகம். இடைவெளியைத் தண்ணீரே அடைத்துக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் மண் இறுகாது. எந்தக் கருவியும் இல்லாமல் கையால் கணிக்கும் இந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். அப்புறம் மூன்று வாரமாவது கல்லை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பு உதிரும். கட்டிய பிறகும் சாரல் படாதபடி நீண்ட கூரை விளிம்பு, தரையோரம் கருங்கல் எல்லாம் அவசியம்.

அந்த வீட்டில் மின்விசிறியே இல்லை. ஏப்ரல் பகலில் வெளியே 34 டிகிரி இருக்கும். 23 சென்டிமீட்டர் தடிமனான மண்சுவர் அந்த வெப்பத்தை உள்வாங்கிக்கொண்டு, மெல்லக் கடத்தி, 7, 8 மணி நேரம் கழித்துத்தான் அறைக்குள் விடுகிறது. பிற்பகல் 3 மணிச் சூடு உள்ளே வரும்போது இரவு பத்தைத் தாண்டிவிடும். அதற்குள் வெளிக்காற்று குளிர்ந்து, விடியலில் 22 டிகிரிவரை இறங்குகிறது. மாடிப்படிக்கு மேலே உச்சியில் ஒரு திறப்பு. சூடான காற்று லேசானது என்பதால் அது வழியாக மேலேறி வெளியேற, கீழ் ஜன்னல்கள் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கின்றன.

இதே வீட்டைச் சென்னையில் அப்படியே கட்டினால் பலிக்காது. அங்கே மே மாத இரவே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். சுவர் சேர்த்துவைத்த சூட்டை இறக்கிவைக்கக் குளிர்ந்த நேரம் கிடைக்காது. மண்கல்லை அங்கேயும் போடலாம், ஆனால் முதலில் தாழ்வாரமும் மரமும் வைத்துச் சுவரில் வெயில் விழாமல் தடுக்க வேண்டும்.