பெயர்ப்பட்டியல் வந்தா ஒரு மாசம்தான் மனே

போன வருசம் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கத்து தம்பி ஒருத்தர் அம்மாவோட என்ட ஒபிஸுக்கு வந்தார், கையில ஒரு பைல், அதுக்குள்ள அரசாங்க வேலைக்கு எடுத்த அஞ்சு சிபாரிசுக் கடிதம். எல்லாம் எம்பிமார்ட இணைப்பாளர், அமைப்பாளர் எண்டு ஓடித் திரிஞ்சு எடுத்தது, அஞ்சிலயும் கடைசி வரி ஒண்டுதான், "ஆவன செய்யவும்". எடுபட்ட ஆக்கள்ட பெயர்ப்பட்டியல் போட்டு அப்பவே மூண்டரை மாசம். "சேர், சோதினையில இவன விடக் குறைஞ்ச பொடியனுக்கு வேல லெட்டர் வந்திருக்கு, கேஸ் போடலாமா?" எண்டு அம்மா கேக்குறா. எனக்கு வாய் வரல்ல. கேஸ் போடுறதுக்கு இருந்த அந்த ஒரு மாசத்த அவங்க கடிதத்துக்குப் பின்னால ஓடியே முடிச்சிட்டாங்க.

அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கக்குள்ள பாரபட்சம் காட்டினா அது இலங்கை அரசியலமைப்பில 12ஆம் உறுப்புரைய மீறுறது, இனம் மதம் சாதி மட்டுமில்ல, அரசியல் கருத்தும் அதுக்குள்ள வருது. ஆனா 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துக்கு, நாட்டிலயே பெரிய கோட்டுக்குப் போகணும், அதாவது கொழும்புக்கு, புதுக்கடைக்கு. (எங்கட ஆக்கள் கல்முனை மேல் நீதிமன்றத்தையும் அதையும் ஒண்டெண்டு நினைக்கிறாங்க, அது வேற இது வேற.) விசயம் தெரிய வந்த நாளிலருந்துதான் கணக்கெண்டு வாதாட இடமிருக்கு, அத நம்பி சும்மா இருந்திராதீங்க.

அந்தத் தம்பி வேலைக்குப் போட்ட அறிவித்தல, ஆள் எடுக்கிறம் எண்டு வந்தத, எடுத்துப் பார்த்தன். முதல்ல பார்க்க வேண்டிய இடம் அதுதான், ஆரும் பார்க்கிறல்ல. நேர்முகத்தில ரெண்டு வகை இருக்கு. பொது நேர்முகப் பரீட்சை எண்டு போட்டிருந்தா அங்க புள்ளி போடுறதே இல்ல, சான்றிதழ், வயசு, வதிவிடம் சரியா எண்டு பார்க்கிறது மட்டும்தான், மறுகா எழுத்துப் பரீட்சைப் புள்ளி வரிசையிலதான் எடுக்கணும். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை எண்டா அங்கீகரிச்ச புள்ளித்திட்டம் ஒண்டு இருக்கும், இன்ன தகைமைக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு எண்டு, அதால எழுத்தில குறைஞ்ச ஆள் நியாயமாவே மேல வரலாம். விளையாட்டு நடக்கிறதெண்டா "ஆளுமை", "நேர்முகத்தில காட்டிய திறமை" எண்ட மாதிரி அளக்க ஏலாத புள்ளியிலதான் நடக்கும், என்ட அனுபவத்தில நான் சொல்லுறது இது. தம்பிட அறிவித்தலில இருந்தது பொது நேர்முகம். மற்றப் பொடியன எடுத்ததுக்கு சரியான காரணமும் இருந்திருக்கலாம், இவர்ட சான்றிதழிலயே ஏதும் பிழை இருந்திருக்கலாம், கேட்டாத்தானே தெரியும்.

கேக்கிறதுக்குத்தான் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. வெள்ளைத் தாளில தமிழில எழுதி அந்தத் திணைக்கள தகவல் அலுவலரிட்ட குடுக்கலாம், ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, குடுத்ததுக்கு துண்டு வாங்கிக்கொள்ளுங்க. ஆட்சேர்ப்புத் திட்டம், புள்ளித்திட்டம், உங்கட புள்ளி, கடைசியா எடுத்த ஆள்ட புள்ளி, அறிவிச்ச வெற்றிடம் எத்தனை நிரப்பினது எத்தனை, இவ்வளவும் கேளுங்க. மத்தவங்கட பேரக் கேட்டா தனிப்பட்ட விபரம் எண்டு மறுப்பாங்க, பேரில்லாம புள்ளிய மட்டும் கேளுங்க.

ஆனா ஒரு சிக்கல். அவங்க பதில் சொல்ல 14 வேலை நாள் இருக்கு, சனி ஞாயிறு போயா லீவு எல்லாம் சேர்த்தா மூண்டு கிழமை போயிரும், கையில மிஞ்சுறது ஒரு கிழமை. அதனால தகவல் கேக்கிற அதே நாளில மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு குடுங்க, மட்டக்களப்பிலயும் கல்முனையிலயும் அம்பாறையிலயும் பிராந்திய ஒபிஸ் இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள குடுத்தா அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாசக் கணக்கில சேராது, ஆனா வெறும் முறைப்பாடு காணாது, விசாரணை நடக்குது எண்டு காட்ட வேணும், ஆகவே குடுத்திட்டு வந்து படுத்திராம பின்தொடருங்க.

இத எழுதினா "சேர், காசு குடுத்தாத்தான் வேல" எண்டு சொல்ல ஆள் இருக்கு. லெட்டர் எடுத்துத் தாறன் எண்டு லட்சக்கணக்கில வாங்கிட்டு ஃபோன ஓஃப் பண்ணினவங்கட கதை எனக்கு எத்தனையோ வந்திருக்கு, அதில பொலிசுக்குப் போகவும் பயப்படுறாங்க, ஏனெண்டா லஞ்சமெண்டு நினைச்சுக் குடுத்தவரையும் சட்டத்தில பிடிக்கலாம். ஆராவது கேட்டா குடுக்க முதலே 1954க்கு எடுங்க, அது லஞ்ச ஊழல் ஆணைக்குழுட நம்பர்.

2017இல மட்டக்களப்பு காந்தி பூங்காவில பட்டதாரிப் பிள்ளைகள் வேல கேட்டு மாசக்கணக்கா இருந்தத நாங்க பார்த்தம். வேல இல்லாத ஊரில பத்து வெற்றிடத்துக்கு ஆயிரம் பேர் நிக்கக்குள்ள கிடைச்சவன் எந்த ஆள், எந்த ஊர், எந்தக் கட்சி எண்டுதான் முதல்ல கதைப்பாங்க. தமிழாக்களுக்கு மட்டும் குடுத்திட்டாங்க, முஸ்லிமாக்களுக்கு மட்டும் குடுத்திட்டாங்க எண்டு ஒரே குறைய ஒரே கிழமையில ரெண்டு பக்கத்தாலயும் கேட்டிருக்கன், ரெண்டு பேரிட்டயும் புள்ளி விபரம் எண்டு ஒரு தாளும் இருக்கல்ல.

அந்தத் தம்பி போன மாசம் கோல் எடுத்தார், திருகோணமலையில வேற ஒரு நேர்முகம், பஸ்ஸில இருந்துதான் கதைக்கிறார். "சேர், இந்த முறை கட்டமைக்கப்பட்டது எண்டு போட்டிருக்கு. புள்ளித்திட்டத்த உள்ளுக்க போக முதலே கேக்கலாமா, வந்த பிறகா?" எண்டார். "முதலே கேளுங்க தம்பி, அறிவித்தலையும் பதிவுத் தபால் துண்டையும் கவனமா வைங்க" எண்டன். "பைலில இருக்கு சேர்" எண்டார், "அந்த அஞ்சு கடிதத்த எடுத்துட்டன்."