சிவப்புத் தூள் கருப்பாகும் இரண்டு நிமிடம்

அமெரிக்கக் கடைகளில் ‘பிளாக்கன்ட் சீசனிங்’ (‘பிளாக்கன்ட்’ என்றால் கருப்பாக்கியது) என்ற பெயரில் ஒரு மசாலா விற்கிறது. முதன்முறை வாங்குகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே கருப்பாக எதுவும் இருக்காது. செங்கல் நிறத்தில் ஒரு தூள், நடுநடுவே பச்சைத் துணுக்குகள். நாக்கில் வைத்தால் உப்பும் காரமும் பூண்டு வாடையும்தான் தெரியும். இதே தூளை, உருக்கிய வெண்ணெயில் தோய்த்த மீன் துண்டின் மேல் தூவி, புகையும் இரும்புச் சட்டியில் இரண்டு நிமிடம் போட்டுத் திருப்பினால் கதையே வேறு. மீனின் மேல் கரும்பழுப்பில் மொறுமொறுவென்று ஓர் ஏடு படிந்திருக்கும். பார்வைக்குத் தீய்ந்த மாதிரி இருந்தாலும் கசக்காது. உள்ளே மீன் வெள்ளையாக, ஈரமாக, அடுக்கடுக்காகப் பிரியும்.

வெறும் மிளகாய்த்தூளைச் சூடான கல்லில் கொட்டினால் அதே இரண்டு நிமிடத்தில் கரியாகிவிடும், வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் இருமிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். இந்தத் தூள் மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

தூளின் பிறப்பிடம் அமெரிக்காவின் லூசியானா. 1755 முதல் ஆங்கிலேயர் கனடாவின் அக்கேடியா பகுதியிலிருந்து துரத்திய பிரெஞ்சு மொழி பேசும் மக்களில் ஒரு பகுதியினர் இந்தத் தெற்கு மாநிலத்தில் குடியேறினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் கேஜன்கள். ஆனால் மீனைக் கருப்பாக்கும் இந்த முறை கேஜன் பாட்டிமார் கைப்பக்குவம் என்று நினைத்துவிட வேண்டாம். 1940இல் பிறந்த பால் புருடோம் என்ற சமையல் கலைஞர் உருவாக்கியது அது. 13 குழந்தைகளில் கடைக்குட்டியான இவர், 1979இல் மனைவி கேயுடன் சேர்ந்து நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்ச் குவார்ட்டர் பகுதியில் ‘கே-பால்ஸ் லூசியானா கிச்சன்’ உணவகத்தைத் திறந்தார். அங்கே அவர் பரிமாறிய ‘பிளாக்கன்ட் ரெட்ஃபிஷ்’ 1980களில் அமெரிக்கா முழுவதும் பைத்தியமாகப் பரவியது. பழைய மரபு என்று இன்று மெனு அட்டைகளில் போடுகிறார்கள். வயது என்னவோ நாற்பத்துச் சொச்சம்தான்.

கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகப் பாப்ரிகா, அதாவது காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள். அதற்கு அடுத்தது உப்பு. பிறகு வெங்காயத்தூள், பூண்டுத்தூள், காரமான கெய்ன் மிளகாய்த்தூள், கருமிளகு, வெள்ளை மிளகு, உலர்ந்த தைம், ஓரிகானோ என்ற மூலிகை இலைகள். இதில் ஒரு பொருளில்கூட ஈரம் கிடையாது என்பதைக் கவனியுங்கள். முழு விஷயமும் அதில்தான் நிற்கிறது.

வெங்காயம் வதக்கிய யாருக்கும் தெரியும்: தண்ணீர் வற்றும்வரை பொன்னிறம் வராது. தண்ணீர் இருக்கும் இடத்தில் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கொடுக்கிற வெப்பமெல்லாம் ஆவியாக்கவே செலவாகிவிடும். நிறமும் மணமும் தரும் மெய்லார்டு வினையோ சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகமெடுக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெய்லார்டு 1912இல் விவரித்த வினை இது. சர்க்கரைகளும் புரதங்களின் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து, பல படிகள் கடந்து, நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாகவும் மெலனாய்டின் என்ற பழுப்பு நிறமிகளாகவும் மாறுகின்றன. தோசையின் முறுகலும் காப்பிக்கொட்டையின் நிறமும் இதே வினை தந்தவை.

பச்சைப் பூண்டை அரைத்துப் பூசினால் முதல் ஒன்றரை நிமிடம் தண்ணீரை ஓட்டுவதிலேயே போய்விடும். அதற்குள் மீன் வெந்து உதிரும். காய்ந்த தூளில் அந்தத் தாமதம் இல்லை. அதோடு, வெங்காயத்திலும் பூண்டிலும் பழுத்த மிளகாயிலும் இயல்பாகவே சர்க்கரை உண்டு. உலர்த்தும்போது தண்ணீர் போய் அது செறிந்துவிடுகிறது. புரதத்துக்கு மீனே இருக்கிறது. கருப்பாக வேண்டும் என்று சிலர் கலவையில் நாட்டுச் சர்க்கரை சேர்க்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்பேன். சர்க்கரை கூடினால் கருமை சீக்கிரம் வரும், கசப்பு அதைவிடச் சீக்கிரம் வரும்.

அடுத்து வெண்ணெய். இது வெறும் வழவழப்புக்காக இல்லை. தூளின் மணிகளுக்கு இடையில் காற்று இருக்கிறது. காற்று வெப்பத்தை மோசமாகக் கடத்தும். உருகிய வெண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்பி, சட்டியின் சூட்டை எல்லா மணிக்கும் ஒரே சீராகக் கொண்டுபோகிறது. வெறும் கல்லில் கொட்டிய மிளகாய்த்தூளில் அடியில் படும் மணி கரியாக, மேலே கிடப்பது பச்சையாகவே கிடக்கும். இங்கே அப்படி நடப்பதில்லை.

வெண்ணெயில் 80 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல் கொழுப்பு, சுமார் 16 விழுக்காடு தண்ணீர், மிச்சம் கொஞ்சம் பால் புரதமும் லாக்டோஸ் சர்க்கரையும். மீனைப் போட்டதும் ‘சொய்ங்’ என்று கேட்கிறதே, அது இந்தத் தண்ணீரும் மீனின் மேற்பரப்பு ஈரமும் கொதித்துப் பறக்கும் சத்தம். முதல் சில விநாடி அந்த ஈரம்தான் மசாலாவைக் கருகாமல் காக்கிறது. ஈரம் போனபின் பால் புரதமும் லாக்டோஸும் மெய்லார்டு வினையில் இறங்கும். நெய்யில் இவை இல்லை. உருக்கி வடிக்கும்போதே கசடாகப் போய்விட்டன. அதனால் நெய்யில் செய்தால் புகை குறையும், மேலேடு கொஞ்சம் சிவப்பாகவே நிற்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு நான் பாதி நெய், பாதி வெண்ணெய் என்றுதான் சொல்வேன்.

சட்டி கனமான வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும் என்று ஏன் எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள்? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும். இரண்டு கிலோ இரும்புச் சட்டி 100 டிகிரி குளிர்ந்தால் சுமார் 90 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.3 கிலோஜூல் வேண்டும். ஆகவே, அடுப்பின் உதவியே இல்லாமல் சட்டியின் சேமிப்பு மட்டுமே 40 கிராம் அளவு தண்ணீரை விரட்டிவிடும். அரைக் கிலோ அலுமினியச் சட்டியில் அந்தச் சேமிப்பு பாதிதான். குளிர்ந்த மீன் பட்டதும் அதன் சூடு சரிந்து, மீன் தன் நீரிலேயே வேக ஆரம்பிக்கும். பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் கிடைப்பது மசாலா மீன்தான்.

புருடோமின் செய்முறையில், சட்டி புகையும் கட்டத்தையும் தாண்டி அடியில் சாம்பல் வெளுப்பு தெரியும்வரை காய வேண்டும். பத்து நிமிடமாவது ஆகும். இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டில் பழக்கி வைத்திருக்கும் தோசைக்கல்லில் இதைச் செய்துவிடாதீர்கள். பல மாதம் எண்ணெய் தடவித் தடவி உருவான அந்தப் பளபளப்பு, எண்ணெய் இறுகிப் பிணைந்த மெல்லிய படலம். இத்தனை சூட்டில் அது எரிந்து போகும், மறுநாள் தோசை கல்லோடு ஒட்டிக்கொள்ளும். நான்ஸ்டிக் சட்டியோ நினைக்கவே கூடாது. 260 டிகிரி வாக்கில் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், அந்தப் புகை கூண்டுப் பறவைகளைக் கொல்லும் அளவுக்கு நச்சு.

மேலே இவ்வளவு ரகளை நடக்கும்போது உள்ளே மீன் எப்படிப் பிழைக்கிறது? வெப்பம் ஒரு பொருளுக்குள் ஊடுருவ ஆகும் நேரம், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஒன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள முள்ளில்லாத துண்டு, பக்கத்துக்கு இரண்டு நிமிடத்தில் நடுவில் 55, 60 டிகிரியைத் தொடும். மீனுக்கு அதுதான் பதம். மேலேடு கருப்பாக ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். இந்த இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில் மணியடிப்பதுதான் முறையின் ரகசியம். கோழி நெஞ்சுக்கறியை முழுசாகப் போட்டால் கடிகாரங்கள் ஒத்துப்போகாது: வெளியே கரி, உள்ளே பச்சை. தட்டி மெல்லிசாக்கினால் சரியாக வரும்.

இனி நெடி. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் கொழுப்பில் கரையும். பொறியும்போது எண்ணெய்த் துளியோடும் புகையோடும் காற்றில் ஏறிவிடும். நம் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள டிஆர்பிவி1 என்ற உணர்வி அதைப் பிடித்துக்கொண்டு ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட உண்மையான சூட்டுக்கும் இதே உணர்விதான். 1997இல் இதை அடையாளம் கண்டது டேவிட் ஜூலியஸின் குழு. அவருக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கலவையில் காரமில்லாத பாப்ரிகா அதிகம், கெய்ன் குறைவு என்று வைத்திருப்பதன் நியாயம் இப்போது தெரியும். நிறத்துக்கும் சர்க்கரைக்கும் ஒரு மிளகாய், காரத்துக்கு இன்னொன்று. மொத்தமும் கார மிளகாயாக இருந்தால் அடுப்பு முன்னால் ஆள் நிற்க முடியாது.

மிளகு சூட்டில் பாதி இழக்கிறது. அதன் வாசனை எண்ணெய்கள் எளிதில் பறப்பவை. காரம் தரும் பைப்பரின் அப்படியே தங்கும். எனவே மிளகு மணமும் வேண்டுமென்றால் இறக்கியபின் மேலே கொஞ்சம் இடித்துத் தூவ வேண்டும். தைமில் உள்ள தைமாலும் ஓரிகானோவில் உள்ள கார்வக்ராலும் அவ்வளவு சுலபமாகப் பறக்காது, கொதிநிலை 230 டிகிரிக்கு மேல். மேலேட்டைக் கடிக்கும்போது அந்த மருந்து மணம் மிச்சமிருப்பது அதனால்தான்.

தைம் கிடைக்காதவர்கள் ஓமத்தைத் தேடலாம். ஓமத்தின் வாசனையும் பெரும்பாலும் தைமால்தான். ஆனால் காட்டமாக இருக்கும், அரைத் தேக்கரண்டி தைமுக்கு ஒரு சிட்டிகை போதும். பாப்ரிகாவுக்குப் பதில் காஷ்மீரி அல்லது பேடகி மிளகாய்த்தூள் நன்றாகப் பொருந்தும், நிறம் கூடுதல், காரம் குறைவு. மூன்று தேக்கரண்டி இந்தச் சிவப்புத் தூளுக்கு உப்பு இரண்டு, வெங்காயத்தூளும் பூண்டுத்தூளும் ஒவ்வொன்று, சாதாரண மிளகாய்த்தூள் அரை முதல் ஒன்று, இரண்டு மிளகும் முக்கால் முக்கால், தைமும் ஓரிகானோவும் அரை அரை. வறுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு மல்லியும் மிளகாயும் சீரகமும் முதலில் வறுபட்டு, அப்புறம் அரைபடும். பிறகு குழம்பின் ஈரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். வறுத்த மணம் முன்கூட்டியே வந்தாக வேண்டும், குழம்பில் அது புதிதாகப் பிறக்க வழியில்லை. லூசியானாத் தூளுக்கு வறுபடும் இடமே மீனின் முதுகு. முன்பே வறுத்துவிட்டால் சட்டியில் ஓடுவதற்கு வழி மிச்சமிருக்காது, நேரே கரிதான்.

ஈரக்காற்றில் வெங்காயத்தூள் சீக்கிரம் கட்டிதட்டும். ஒளியும் காற்றும் பட்டால் மிளகாயின் சிவப்பு நிறமி வெளுக்கும். சின்னச் சின்ன அளவாகச் செய்து, இறுக்கமான மூடி போட்டு, அடுப்பு மேடையிலிருந்து தள்ளி இருட்டில் வையுங்கள்.

இந்தத் தூளின் புகழுக்கு ஒரு மீன் விலை கொடுத்தது. புருடோம் பயன்படுத்திய ரெட்ஃபிஷ், நம் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ வளைகுடாவில் கிடைப்பது, 40 ஆண்டுவரை வாழக்கூடியது. நாடு முழுக்க உணவகங்கள் அதைக் கேட்க ஆரம்பித்ததும், கூட்டமாகத் திரியும் பெரிய தாய்மீன்களைச் சுருக்குமடி வலை போட்டு அள்ளினார்கள். நம் கரையில் உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போன அதே வகை வலை. 1986இல் அமெரிக்க அரசு வளைகுடாவில் அவசரத் தடை கொண்டுவந்தது. 2007இல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், இந்த மீனைக் காக்க ஓர் ஆணையே பிறப்பித்தார். மசாலாவுக்கு அந்த மீன்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சதை இறுகிய எந்த மீனும் சரி. கொடுவா அருமையாக வரும், விளமீனும் வரும். நெத்திலி மாதிரிப் பொடி மீன்கள் இந்தச் சூட்டைத் தாங்காது.

செய்யும்போது மீனைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்துவிடுங்கள். தூள் பூசியதும் உடனே சட்டிக்குப் போக வேண்டும். பூசி ஊறவைத்தால் உப்பு மீனின் நீரை வெளியே இழுத்துத் தூளைச் சேறாக்கிவிடும். ஒரு முறைதான் திருப்ப வேண்டும். ஓரங்களில் உண்மையிலேயே கரியான இடம் இருந்தால் சுரண்டி எறியுங்கள். கசப்பு ஒருபுறம், உடம்புக்கும் ஆகாது.

இரண்டாவது துண்டு முதல் துண்டைவிடக் கசக்கிறது என்று பலர் சொல்வார்கள். தூளில் கோளாறு இல்லை. முதல் மீனிலிருந்து உதிர்ந்த மசாலா சட்டியிலேயே தங்கி, மேலே மீனும் ஈரமும் இல்லாமல், 140, 200 என்று எல்லாப் படியும் தாண்டிக் கரியாகிக்கொண்டிருக்கும். அடுத்த மீன் அதன்மேல்தான் போய் உட்காருகிறது. ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் மடித்த பருத்தித் துணியை இடுக்கியில் பிடித்துச் சட்டியைத் துடைத்துவிட்டு, ஒரு நிமிடம் மறுபடி காயவிட்டு, அப்புறம் அடுத்ததைப் போடுங்கள்.