கழுத்துக் கட்டியை வெட்டும் முன் தொண்டையைப் பாருங்கள்

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குக் கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி. இரண்டு மூன்று வாரங்களாகியும் கரையவில்லை. வேறு காரணம் உறுதியாகும்வரை அதைப் புற்றுநோயாகக் கருதியே தேட வேண்டும் என்பது தலை, கழுத்து அறுவை மருத்துவத்தின் பழைய பாடம். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது வேறு. "நெறி கட்டியிருக்கிறது" என்று ஒரு வாரம் ஆன்டிபயாடிக். அடங்காவிட்டால் ஊசிப் பரிசோதனைகூட இல்லாமல் காசநோய் மாத்திரை. அல்லது சின்னக் கட்டிதானே என்று கழுத்தைக் கீறி எடுத்துவிடுவது.

காசநோயைச் சந்தேகிப்பதில் தவறில்லை; நம் நாட்டில் கழுத்து நெறிக்கு அது முக்கியக் காரணம். ஆனால் சான்று எதுவும் இல்லாமல் ஆறு மாத மாத்திரையைத் தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மாத்திரையின் நாலாவது, ஐந்தாவது மாதத்தில், கட்டி இரண்டு மடங்கான பிறகு வந்து சேர்பவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கழுத்து நிணநீர்க் கணுவில், அதாவது நெறியில், காணப்படும் செதிள் செல் புற்று (வாய், தொண்டை போன்றவற்றின் உட்பரப்பை மூடும் தட்டைச் செல்களில் தொடங்குவது) பெரும்பாலும் அங்கே பிறந்தது அல்ல. வாயிலோ தொண்டையிலோ மூக்கின் பின்புறத்திலோ பிறந்து அங்கே வந்து தங்கியது. பிறந்த இடத்தில் அது சில மில்லிமீட்டர் அளவே இருக்கலாம். வலி இருக்காது, விழுங்குவதில் சிரமமும் இருக்காது. டான்சிலின் மேற்பரப்பில் ஆழமாக உள்ளிறங்கும் குழிகள் உண்டு. நாக்கின் அடிப்பகுதியிலும் அதே வகைத் திசு இருக்கிறது. அந்தக் குழிகளின் அடியில் தொடங்கும் புற்று, டார்ச் அடித்துப் பார்த்தாலும் கண்ணில் படாது. மறைந்திருந்து பிறகு கண்டுபிடிக்கப்படும் மூலப் புற்றுகளில், அதாவது முதலில் பிறந்த புற்றுகளில், மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு இடங்களில்தான் கிடைக்கின்றன.

கட்டி இருக்கும் இடமே ஒரு துப்பு. தாடைக் கோணத்துக்குக் கீழே என்றால் டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும். கழுத்தின் பின்பக்கம் என்றால் மூக்கின் பின்னறை. காறை எலும்புக்கு மேலே என்றால் நுரையீரலையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். காது பரிசோதனையில் ஒன்றுமே இல்லாமல் ஒரு பக்கக் காது மட்டும் வலித்தால், அந்த வலி தொண்டையிலிருந்து வந்திருக்கலாம்.

முதல் சோதனை ஊசிதான். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று அஞ்சிப் பலர் மறுக்கிறார்கள். மெல்லிய ஊசியால் செல்களை எடுப்பதால் அப்படி நேர்வது மிக மிக அரிது. கழுத்தைக் கீறிக் கட்டியை மட்டும் எடுப்பதுதான் பின்னால் தொல்லை தருகிறது: தழும்பு விழுந்த இடத்தில் முறையான கழுத்து அறுவை கடினமாகும், கட்டி உடைந்தால் செல்கள் சிந்தவும் கூடும். நிணநீர்க் கணுவிலேயே பிறக்கும் நிணநீர்ப் புற்று (லிம்போமா) என்று சந்தேகம் எழுந்தால் முழுக் கணுவையும் எடுக்க வேண்டிவரும். அதையும் ஊசிக்குப் பிறகே முடிவு செய்ய வேண்டும். வயது வந்தோரின் கழுத்தில் நீர் நிரம்பிய கட்டி இருந்தால், பிறவிக் கட்டி என்று சமாதானம் அடைந்துவிடக் கூடாது. டான்சில் புற்று கழுத்துக்கு வரும்போது அடிக்கடி நீர்க்கட்டியாகவே தோன்றும்.

ஊசியில் கிடைத்த செல்களில் பி16 என்ற புரதத்துக்கான சோதனை செய்தால், எச்.பி.வி. வைரஸ் தொடர்புள்ள தொண்டைப் புற்றா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மூக்கின் பின்னறைப் புற்றோடு தொடர்புள்ள ஈ.பி.வி. வைரஸ் இருந்தால் தேடல் அங்கே திரும்பும். புற்றுநோயின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவான ஏ.ஜே.சி.சி.யின் எட்டாம் பதிப்பு, 2018இல் நடைமுறைக்கு வந்தபோதே, மூலம் கிடைக்காதபோதும் இந்தச் சோதனைகளை வைத்து நோயின் நிலையைக் கணிக்க வழிசெய்தது.

ஸ்கேனுக்கு முன் நான் வலியுறுத்துவது விரலை. பல்செட்டைக் கழற்றச் சொல்லி, கையுறை அணிந்த விரலால் இரண்டு டான்சில்களையும் நாக்கின் அடிப்பகுதியையும் அழுத்திப் பார்க்க வேண்டும். நோயாளிக்குக் குமட்டும்; அரை நிமிடம்தான். கண்ணுக்குத் தப்பிய கெட்டித்தன்மை விரலுக்குத் தட்டுப்படுகிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனைதான் அவசரத்தில் அதிகம் விடுபடுகிறது. வெற்றிலை, புகையிலை பழக்கம் உள்ளவருக்குக் கன்னத்தின் உட்புறத்தையும், எண்டோஸ்கோப் வழியாகக் குரல்வளைக்குப் பக்கத்துப் பள்ளங்களையும் பார்த்தாக வேண்டும்.

பிறகு, சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்களை ஒளிரக் காட்டும் பெட் சி.டி. ஸ்கேன். தொண்டையில் பயாப்ஸி (சோதனைக்கான திசுத் துணுக்கு) எடுப்பதற்கு முன்பே இதை எடுத்துவிட வேண்டும்; புண்பட்ட திசுவும் ஸ்கேனில் ஒளிரும் என்பதால் பின்னர் குழப்பம் வரும். மற்றச் சோதனைகளில் சிக்காத மூலப் புற்று, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதில் தெரிகிறது. சில மில்லிமீட்டர் புற்று இதற்கும் தப்பலாம். அப்போது மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பி, டான்சிலை முழுமையாக அகற்றிப் பரிசோதித்தல், வசதியுள்ள இடங்களில் ரோபோ அல்லது லேசர் மூலம் நாக்கின் அடிப்பகுதித் திசுவை எடுத்தல். டான்சிலில் ஒரு துணுக்கு மட்டும் கிள்ளி எடுத்தால் குழியின் அடியில் இருப்பது தப்பிவிடும்.

"கழுத்துக் கட்டிக்கு மருந்து கொடுங்கள், எதற்கு இவ்வளவு தேடல்?" என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மூலம் தெரிந்தால் கதிர்வீச்சை அந்த இடத்துக்குக் குறுக்க முடியும். தெரியாவிட்டால் பல நேரங்களில் தொண்டையின் பெரும்பகுதிக்கும் கொடுக்க நேரிடும். வாய் வறட்சியும் விழுங்கும் சிரமமும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். எல்லாம் செய்தும் மூலம் கிடைக்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கழுத்து அறுவை, கதிர்வீச்சு என்று குணமாக்கும் நோக்கத்துடனேயே சிகிச்சை உண்டு.

ஏற்கெனவே கட்டியை வெட்டி எடுத்துவிட்டார்களா? அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல், ஆய்வகத்திலிருந்து ஸ்லைடுகளையும் திசு பதிந்த மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கி வாருங்கள். பி16, ஈ.பி.வி. சோதனைகளை அதிலேயே செய்துவிடலாம்.