சூரியக் கண்ணாடி அல்ல, கிரகணக் கண்ணாடி

சூரிய கிரகணம் நெருங்கினால் போதும், "சூரியக் கண்ணாடி அணிந்து பார்க்கலாம்" என்ற வரி எங்கிருந்தாவது வந்து குதித்துவிடுகிறது. டிவியில் கீழே ஓடுகிறது, துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் நிற்கிறது, வாட்ஸப்பில் சுற்றுகிறது. வெறும் மொழிப்பிழை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். இதை நம்பினால் கண் போய்விடும்.

வெயிலுக்குப் போடுகிற கூலிங் கிளாஸின் ஆங்கிலப் பெயரிலும் (சன்கிளாஸ்) சூரியன் இருக்கிறது. கிரகணம் பார்க்க அட்டைச் சட்டத்தில் கொடுக்கிறார்களே, அதன் பெயரிலும் (சோலார் கிளாஸ்) இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் இரண்டுக்கும் 'சூரியக் கண்ணாடி' என்றே போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். சாதாரண கூலிங் கிளாஸ் நூற்றில் பத்து, இருபது பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிரகணக் கண்ணாடிக்கான ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற சர்வதேசத் தரம் அனுமதிப்பதோ அதிகபட்சம் 0.0032 விழுக்காடு, அதாவது லட்சத்தில் மூன்று பங்கு. இடைவெளி மூவாயிரம் மடங்குக்கு மேல். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், படிப்பவர் மேசை இழுப்பறையில் கிடக்கும் கூலிங் கிளாஸைத்தான் எடுப்பார். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையின் நடுவே கறுப்புப் புள்ளி விழுந்தது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரகணம் வடசொல், பிடித்தல் என்று பொருள். நம் ஆட்கள் அதை வாங்கி, "கிரகணம் பிடிக்கிறது, விடுகிறது" என்று வினையிலும் அதே பொருளை வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் நம்மிடம் இருந்தது பாம்பு. "திங்களைப் பாம்புகொண் டற்று" என்கிறது குறள் (1146). கொள்ளுதலும் பிடித்தல்தான்.

கண்ணாடிதான் வம்பு பிடித்த சொல். ஆடி என்றால் முகம் பார்ப்பது. குறுந்தொகையின் 'ஆடிப் பாவை' அதில் தெரியும் உருவம். பிறகு கண்ணாடி என்ற சொல் முகம் பார்ப்பதற்கும், ஜன்னலில் மாட்டும் பொருளுக்கும், மூக்கில் மாட்டுவதற்கும் பொதுவாகிவிட்டது. அன்றாடப் பேச்சில் இதனால் குழப்பமில்லை. "கண்ணாடி வழியாகச் சூரியனைப் பாருங்கள்" என்று எழுதும்போதுதான் விபரீதம். ஒருவர் கண்ணாடித் துண்டில் மெழுகுவர்த்திப் புகை பிடித்துக்கொண்டு வருவார். இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே திருப்பி அதற்குள் குனிந்து பார்ப்பார். இரண்டும் ஆபத்து. ஆனால் அதே முகக்கண்ணாடியைச் சின்ன ஓட்டை போட்ட காகிதத்தால் மூடி, வெயிலில் பிடித்து, நிழலான சுவரில் விழும் வட்டத்தைப் பார்த்தால் ஓர் ஆபத்தும் இல்லை. கடிபட்ட சூரியன் அங்கே பிறையாக அழகாகத் தெரியும். பார்க்க வேண்டியது சுவரை, கண்ணாடியை அல்ல.

இங்கே தனித்தமிழ் அன்பர்கள் நுழைவார்கள். கிரகணம் வடமொழி, ஆகவே 'மறைப்பு' என்பார்கள். சூரிய மறைப்பு, ஞாயிறு மறைப்பு எல்லாம் நல்ல சொற்கள்தான், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அதே வேகத்தில் 'மறைப்புக் கண்ணாடி' என்று ஒன்றைச் செய்கிறார்களே, அது என்ன? மறைக்கிற கண்ணாடியா, மறைந்திருக்கிற கண்ணாடியா? கடையில் போய்க் கேட்டால் கார் ஜன்னலுக்கு ஒட்டுகிற கறுப்புத் தாளைக் கொடுப்பார்கள், அதையும் ஒருவர் கண்ணில் வைத்துப் பார்ப்பார். தூய்மைக்காகப் பொருளைக் கொன்றுவிட்டால் மிஞ்சுவது தூய்மையான குழப்பம். 'சூரிய வடிகட்டி' பரவாயில்லை. டீ வடிகட்டி நினைவுக்கு வருகிறது என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும், வேலை அதே வேலைதான். தொலைநோக்கியின் முன்பக்கம் மாட்டும் தகட்டுக்கு அந்தப் பெயரே சரி. முகத்தில் மாட்டுவதற்குக் கிரகணக் கண்ணாடி. உள்ளே இருப்பது கண்ணாடியே இல்லை, கறுப்பு பிளாஸ்டிக் படலம் என்பது வேறு கதை. மூக்கில் ஏறினால் கண்ணாடி, அவ்வளவுதான்.

நாளிதழ்களுக்கு இன்னொரு பழக்கம்: 'பிரத்யேகக் கண்ணாடி', 'சிறப்புக் கண்ணாடி', 'தகுந்த கண்ணாடி'. யாருக்குத் தகுந்தது? பெயரைச் சொல்லாமல் மரியாதையை மட்டும் சொல்கிற எழுத்து இது. அப்புறம், "வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள்". சொல் நல்ல தமிழ். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், கண்ணுக்கு முன்னால் எதையாவது பிடித்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. எக்ஸ்ரே படமும், மஞ்சள் தண்ணீரில் சூரியனின் பிம்பத்தைப் பார்ப்பதும் இந்த வழியாகத்தான் வருகின்றன. தண்ணீர் எதிரொளிக்கும் இரண்டு விழுக்காடே தரம் சொல்லும் அளவைவிட அறுநூறு மடங்கு.

வெளிநாட்டுக் குறிப்பை அப்படியே பெயர்ப்பதில் இன்னொரு கேடு: "முழு கிரகணத்தின்போது கண்ணாடியைக் கழற்றலாம்". நிலா சூரியனை முழுசாக மூடும் ஊரில் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் அது சரி. 2019 டிசம்பர் 26 அன்று ஊட்டி, கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகப் போனது வளைய கிரகணம். உச்சத்திலும் சூரியனில் நூற்றில் ஆறேழு பங்கு வெளியே எரிந்துகொண்டிருந்தது. அதற்கும் 'முழு வளைய கிரகணம்' என்று எழுதினார்கள். 'முழு' என்று கண்டவர் எதைக் கழற்றுவார்?

2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் இன்னொரு வளைய கிரகணம் வருகிறது. துண்டறிக்கை எழுதப் போகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் போட வேண்டாம்: "கிரகணக் கண்ணாடி போட்டு மட்டும் பாருங்கள். கூலிங் கிளாஸ் கூடாது. வளையம் தெரியும்போதும் கழற்றாதீர்கள்."