1,25,000 ரூபாய் எப்படி 1 ரூபாய் ஆனது?

நண்பர் ஒருவர் தன் குடியிருப்போர் சங்கத்தின் இணையப் படிவத்தில் 1,25,000 என்று நிரப்பி அனுப்பினார். பதிவானது 1 ரூபாய். "கம்ப்யூட்டருக்குக் கமா கூடவா தெரியாது?" என்று என்னிடம் கேட்டார்.

தெரியாதுதான். படிவத்தில் நாம் அடிப்பது சர்வருக்கு வெறும் எழுத்துகளாகவே போய்ச் சேர்கிறது. அதை எண்ணாக மாற்ற ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் பார்ஸ்ஃப்ளோட் என்றொரு வழி உண்டு. அது இடப்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வரும். எண்ணுக்குப் பொருந்தாத எழுத்தைக் கண்டதும் நின்று, அதுவரை படித்ததை விடையாகத் தந்துவிடும். 1-க்கு அடுத்து கமா, ஆகவே விடை 1. பைதான் மொழியில் இதே எழுத்துகளை மாற்றச் சொன்னால் பிழை என்று நின்றுவிடும். என்னைக் கேட்டால் அதுவே நல்லது. பணக்கணக்கில் சத்தமில்லாத தவறுதான் ஆபத்து.

சரி, கமாவை நீக்கினால் போதுமா? நம்மூருக்குப் போதும். ஜெர்மனியில் 1.250,50 என்று எழுதுவார்கள். அங்கே ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமம் கமா. வெறும் 1.250 என்று வந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பதா, ஒன்றேகாலா? எந்த நாட்டு வழக்கம் என்று முன்கூட்டியே தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு மிகப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருகிறது. கமா நீங்கி 4.35 என்று கையில் இருக்கிறது. பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் தரும் விடை 434.99999999999994. தசமத்தை வெட்டினால் 434. ஒரு பைசா காணோம்!

கணினி பின்னங்களை இரண்டிரண்டாகப் பாதி போட்டுத்தான் சேமிக்கிறது: அரை, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), வீசம் (பதினாறில் ஒன்று) என்று நம் பழைய கணக்கில் இறங்குவதைப் போலவே. இவற்றைக் கூட்டிக் கிடைக்கும் தொகைதான் அதற்குத் துல்லியம். ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் ஓரணா என்பது சரியாக ஒரு வீசம். 64 பைசா ஒரு ரூபாய் என்ற அந்தக் காலத்துப் பைசாவும் அப்படியே பொருந்தும். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசாவாக மாறியது. அந்த நூறில் கணினிக்குத் துல்லியமாக அடங்கும் சில்லறை 25, 50, 75 மட்டுமே. மற்றவை எல்லாம் ஓர் இழை கூடவோ குறையவோதான் உள்ளே உட்காரும். கணினி வருவதற்கு முந்தைய நாணயம் கணினிக்கு இவ்வளவு இசைவாக இருந்தது எனக்குத் தீராத வியப்பு.

ஆகவே பெருக்கக் கூடாது, பிரிக்க வேண்டும். "4.35" இன்னும் எழுத்தாக இருக்கும்போதே புள்ளியில் இரண்டாக வெட்டுங்கள். இடது 4, வலது 35. நானூறும் முப்பத்தைந்தும் சேர்ந்து 435 பைசா. முழு எண்கள் மட்டுமே புழங்குவதால் எதுவும் சிந்தாது.

இதிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. "4.5" வந்தால் வலப்பக்கம் 5, ஒரு பூஜ்யம் சேர்த்து 50 ஆக்காவிட்டால் ஐந்து பைசாவாகிவிடும். "-4.35" வந்தால் கழித்தல் குறி இடப்பக்கத்தோடு போய்விடும்; -400 உடன் 35-ஐக் கூட்டினால் -365. குறியை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கு முடிந்ததும் ஒட்ட வேண்டும். நூறு என்பதும் எல்லா நாட்டுப் பணத்துக்கும் பொருந்தாது. குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ். ஜப்பானிய யென்னுக்கு இன்று சில்லறையே புழக்கத்தில் இல்லை.

இவ்வளவையும் எழுதச் சோம்பி, "கமா போடாதீர்கள்" என்று சிவப்பில் எழுதி வைக்கும் படிவங்களை நான் ஏற்பதில்லை. பூஜ்யங்களை எண்ணிச் சரிபார்க்க மனிதர்களுக்கு இருக்கும் ஒரே துணை கமா. பணம் போகும் முன், படிவம் தான் புரிந்துகொண்ட தொகையை "ஒரு ரூபாய்" என்று எழுத்தாலும் காட்டிக் கேட்டிருந்தால், நண்பர் அந்தப் பொத்தானை அழுத்தும் முன்பே தவறைப் பார்த்திருப்பார்.